பலா மரத்தில் ஒரு பலாச்சுளைப் புதிர்

பண்ருட்டியில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கி பொம்மை செய்வானேன்? என் பேத்திக்காக நான் செய்தது, பாதியாகப் பிளந்து வைத்த பலாப்பழம். பலகையில் ஐந்து சுளைகள் இருக்கும். எடுத்து வெளியே போட்டு, மறுபடி அதனதன் குழியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நான் தையல்காரி, தச்சு வேலை தெரியாது. கோடு போட்டு வளைவு வெட்டுவது முப்பது வருஷமாகச் செய்கிற வேலைதானே என்ற தைரியத்தில் இறங்கினேன்.

மரமும் பலாதான். எங்கள் பக்கத்துப் பலா மரம் மிருதங்கக் கட்டைக்குப் பேர்போனது. மரப்பட்டறையில் கேட்டால் மீந்த துண்டு கிடைக்கும். மரமே சுளை மாதிரி மஞ்சளாக இருப்பதால் பெயிண்ட் தேவையில்லை. (நாளாக ஆகப் பழுப்பேறும், அதுவும் அழகுதான்.) பலா கிடைக்காத ஊர்க்காரர்கள் வெட்பாலை தேடலாம்; கர்நாடகத்துச் சன்னபட்டணத்தின் மரப் பொம்மைகளுக்கு அந்த மரம்தான். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை மட்டும் வேண்டாம். எச்சில் பட்டால் ஊறி உப்பிவிடும்.

நன்றாகக் காய்ந்த பலகை 24 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், 15 மில்லிமீட்டர் கனம். அடிப்பலகைக்கு அதே அளவில் 6 மில்லிமீட்டர் பிளைவுட், கூடவே அதில் சில துண்டுகள். வெட்டுவதற்குக் கோப்பிங் சா என்கிற வில் ரம்பம், அதற்கு உபரியாக நான்கைந்து பிளேடு. முதல் நாளே நான் மூன்றை முறித்தேன்.

காகிதத்தில் சுளையை வரைந்து வெட்டி, பலகையில் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். ஒவ்வொரு சுளையும் 7 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. கோட்டுக்குக் கோடு 1.5 சென்டிமீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் மரம் ஒடிந்துவிடும்.

அளவில் ஏன் இத்தனை கறார் என்றால், நான் முதலில் சுளைக்குள் கொட்டையும் தனியாகக் கழன்று வருகிற மாதிரி செய்ய ஆசைப்பட்டேன். செய்தும் விட்டேன். அப்புறம்தான், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை இருப்பது தெரிந்தது. அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது. அட்டையைச் சுருட்டி அந்த அளவில் குழாய் செய்து பார்த்தேன். கொட்டை சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. ஐந்தையும் அடுப்பில் போட்டேன். இப்போது கொட்டை இருக்கிற இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு வளைவு இழுப்பதோடு சரி.

வெட்டும் முறை இதுதான். ஒவ்வொரு சுளையின் கூர்முனையிலும், கோட்டின் மேலேயே 5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பிளேடைக் கழற்றித் துளையில் நுழைத்து, மறுபடி ரம்பத்தில் மாட்ட வேண்டும். பலகையை மேசை விளிம்பில் இறுக்கிக்கொண்டு, ரம்பத்தை நேர்க்குத்தாக இழுங்கள். சாய்ந்தால் சுளை ஒரு பக்கமாகத்தான் வெளியே வரும். வளைவில் ரம்பத்தைத் திருகாதீர்கள். ஊசியைத் துணியில் இறக்கி வைத்துக்கொண்டு துணியைத் திருப்புவோமே, அதே மாதிரி, இறுக்கத்தைத் தளர்த்திப் பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள். இது புரிந்த பிறகு என் பிளேடு ஒன்றுகூட முறியவில்லை.

வெட்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் வரும், போதும் என்று நினைத்தேன். ஐப்பசி அடைமழை பிடித்ததும் சுளைகள் குழிக்குள் கவ்விக்கொண்டன. பிள்ளை இழுத்துப் பார்த்து அழுகிறது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் உப்பும். அதனால் சுளையின் இரண்டு பக்கமும் அரத்தால் ராவி, பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டுவாருங்கள். பொருத்தம் கச்சிதமாக இருக்கட்டும் என்ற தையல்காரி புத்தியை இங்கே விட்டுவிட வேண்டும். சின்னக் கைக்குத் தொளதொளவென்று இருப்பதுதான் சரி.

பிடித்துத் தூக்கக் குமிழ் வைக்காதீர்கள், கழன்றால் அதுவும் வாய்க்குத்தான் போகும். நான் செய்தது வேறு. அடிப்பலகையைப் பசை போட்டு ஒட்டிய பிறகு, ஒவ்வொரு குழிக்குள்ளும் குழியைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பிளைவுட் துண்டை ஒட்டினேன். சுளை அதன்மேல் உட்காரும்போது 6 மில்லிமீட்டர் வெளியே துருத்தி நிற்கும், விரலுக்குப் பிடி கிடைக்கும். ஆணி வேண்டாம். அம்மிக்கல்லை மேலே ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள்.

தேய்ப்பதில் சோம்பல் கூடாது. 80, 150, 220 என்று உப்புத்தாளை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எல்லாம் எழுந்து நிற்கும். அதை மறுபடி 220-இல் தேய்த்தால்தான் பிள்ளை வாயில் வைக்கும்போது குத்தாது.

கடைசியாக மெருகு. ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கு பங்கு தேங்காய் எண்ணெய். கொதிக்கும் நீரில் கிண்ணத்தை வைத்து உருக்கி, ஆறியதும் துணியால் பூசித் துடைத்தெடுங்கள். கடலை எண்ணெய் தொடவே தொடாதீர்கள், சில பிள்ளைகளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது.

அந்தக் காகிதச் சுளையைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது சுளை எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை. தையல் மிஷின் டிராயர் வரைக்கும் தேடியாயிற்று. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நாளைக்குப் புதிதாக ஒன்று வெட்டப் போகிறேன்.