கைக்காப்பு வளைப்பது எப்படி: நுனி முதலில், நடு கடைசியில்

நீளமான உலோகப் பட்டையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நடுவில் கட்டைவிரலை வைத்து இரண்டு பக்கமும் அழுத்துவது. பட்டை வளைந்துவிடும். ஆனால் இரண்டு நுனியும் அட்டை மாதிரி நேராக நிற்கும், அதற்குப் பிறகு அவற்றை வளைக்க வழியே இருக்காது. காரணம் எளிது. வளைய வேண்டிய இடத்துக்கும் கை அழுத்தும் இடத்துக்கும் நடுவே தூரம் இருந்தால்தான் நெம்புவிசை கிடைக்கும். நுனியில் அந்தத் தூரமே இல்லை. காப்பு வளைப்பதற்கென்று ஒரு கைக்கருவி தேவைப்படுவது இதற்காகத்தான். நடுவை வெறும் கையால்கூட வளைக்கலாம், நுனியை முடியாது.

எந்தக் கருவி

பிரேஸ்லெட் பெண்டிங் பார் என்ற பெயரில் விற்பது ஒரு கைப்பிடியும் வளைந்த முகமும் கொண்ட கட்டை. முகத்தின் ஓரத்தில் பட்டையின் நுனியைச் செருக ஒரு பிளவு இருக்கும். நுனி பிளவுக்குள் மாட்டிக்கொள்ளும், மீதிப் பட்டை முழுவதும் உங்களுக்கு நெம்புகோலாக வேலை செய்யும். இங்கே இதை வளைப்பான் என்றே சொல்லிக்கொள்வோம். இன்னொரு வகை, ஒரு தாடை குழிந்தும் மற்றது புடைத்தும் இருக்கும் நைலான் குறடு. மெல்லிய பட்டைக்கும் கடைசித் திருத்தத்துக்கும் அது நல்லது. 1 மி.மீ.க்கு மேல் தடிமன் போனால் உள்ளங்கைதான் வலிக்கும், பட்டை வளையாது. ஒரே ஒரு கருவிதான் வாங்குவது என்றால் வளைப்பானை வாங்குங்கள்.

வாங்காமல் செய்துகொள்ளவும் முடியும். 42 முதல் 45 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் உள்ள உறுதியான உருண்டை மரம் ஒன்று போதும். ஒரு முனைக்கு அருகே, மரத்தின் நீளவாக்கில் 30 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு சிறு தட்டைப் பரப்பை அரத்தால் உண்டாக்குங்கள். அதன் மேல் 3 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றைப் பாலம் மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் அடியில் வாஷர் கொடுத்துத் திருகாணி போடுங்கள். பாலத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி, நீங்கள் வளைக்கப்போகும் பட்டையின் தடிமனைவிடக் கால் மி.மீ. மட்டும் கூடுதலாக இருந்தால் போதும். திருகாணிகளுக்கு இடையே உள்ள தூரம் பட்டையின் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். பாலத்தின் விளிம்பை உருட்டிவிடாமல் விட்டால் ஒவ்வொரு காப்பிலும் நுனிக்குப் பக்கத்தில் ஒரு கோடு விழும். அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, அடியில் மெல்லிய தோல் ஒட்டிவிடுங்கள்.

விட்டம் ஏன் இவ்வளவு சிறியது என்றால், விட்டவுடன் உலோகம் கொஞ்சம் விரியும். மணிக்கட்டின் அளவுக்கே வளைத்தால் காப்பு எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

பட்டை: எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்

மணிக்கட்டு எலும்பை ஒட்டி, காப்பு உட்காரும் இடத்தில் இறுக்காமல் சுற்றளவை எடுங்கள். அதிலிருந்து 18 முதல் 20 மி.மீ. கழித்தால் பட்டையின் நீளம். சுற்றளவு 165 மி.மீ. என்றால் பட்டை 145 முதல் 147 மி.மீ. இந்தக் கணக்கில் காப்பின் வாய், அதாவது இரண்டு நுனிக்கும் இடையே உள்ள இடைவெளி, சுமார் 28 மி.மீ. திறந்திருக்கும், கைக்கும் காப்புக்கும் இடையே கொஞ்சம் தளர்வும் இருக்கும். கடையில் கிடைக்கும் 6 அங்குலப் பட்டை 152 மி.மீ. அது 170 மி.மீ. கைக்குச் சரி, 150 மி.மீ. கைக்குத் தொளதொளவென்று சுழலும். பட்டையின் அகலம் 25 மி.மீ.க்கு மேல் என்றால் நீளத்தில் 5 மி.மீ. கூட்டுங்கள். முன்கை மேலே போகப்போகத் தடிப்பதால் அகலக் காப்பு சீக்கிரம் இறுக்கும்.

தடிமனைக் கேஜ் எண்ணில் நம்பாதீர்கள். 16 கேஜ் என்றால் அமெரிக்க முறையில் 1.29 மி.மீ., பிரிட்டிஷ் முறையில் 1.63 மி.மீ. வெர்னியர் அளவுகோலால் அளந்து மி.மீ.யில் வாங்குங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை நான்கு மடங்காகும், அகலம் இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்குதான். கையால் அழுத்தும் வளைப்பானுக்கு, 12 மி.மீ. வரை அகலமுள்ள பட்டையில், சுகமான எல்லை இது: மென்மையான அலுமினியம் 1.6 மி.மீ., பதம் இளக்கிய (சூடேற்றி மென்மையாக்கிய) செம்பும் வெள்ளியும் 1.3, பித்தளை 1, துருப்பிடிக்காத எஃகு 0.8. ஓரளவு விறைப்பும் வேண்டும். செம்பு 1 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டைக் கையில் மாட்டினாலே உரு மாறும்.

அலுமினியத்தில் 1100, 3003 என்ற எண்ணுள்ள வகைகள் இரண்டும் சொன்னபடி கேட்கும். 6061 டி6 வகை பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் விறைப்பானது. கையழுத்தத்துக்கு மடங்காமல் எதிர்க்கும், வளைவு கூர்மையானால் வெளிப்பக்கம் விரிசல் விடும். தகட்டிலிருந்து வெட்டுவதானால், உருட்டாலையில் தகடு ஓடிய திசையில்தான் பட்டையின் நீளம் அமைய வேண்டும். தகட்டின் மேல் தெரியும் மெல்லிய கோடுகள் அந்தத் திசையைக் காட்டும். குறுக்கே வெட்டிய பட்டை சீக்கிரம் விரிசல் விடும்.

முலாம் பூசிய பட்டையை வளைத்தால் வெளிவளைவில் முலாம் வெடிக்கக்கூடும். தவிர்ப்பதே மேல்.

வளைக்கும் முன்

மூலைகளை உருட்டி, நான்கு விளிம்பிலும் பிசிறு நீக்கி, 220, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். விளிம்பில் தேய்ப்பது பட்டையின் நீளவாக்கிலேயே இருக்கட்டும். குறுக்கே விழுந்த ஓர் அரக்கீறல் போதும், விரிசல் அங்கேதான் தொடங்கும். உட்பக்க மெருகையும் இப்போதே முடித்துவிடுங்கள், வளைந்த பிறகு உள்ளே கை போகாது.

எழுத்து குத்துவது, சுத்தியல் தடம் பதிப்பது எல்லாம் தட்டையாக இருக்கும்போதே. குத்தி முடித்ததும் பட்டை லேசாகக் கூனும், அதை இரும்புப் பரப்பில் கவிழ்த்து நைலான் சுத்தியலாலோ கொட்டாப்புளியாலோ தட்டி நேராக்குங்கள். சுத்தியல் வாங்கிய உலோகம் இறுகிப்போயிருக்கும். செம்பு, பித்தளை, வெள்ளி என்றால் ஒரு முறை பதம் இளக்கிக்கொள்வது நல்லது.

பதம் இளக்க, மங்கிய அறையில் தீச்சுடரைப் பட்டை முழுக்கப் பரவலாக ஓட்டுங்கள். செம்பு மங்கலான சிவப்புக்கு வந்ததும் தண்ணீரில் போடலாம். பித்தளையும் வெள்ளியும் அப்படியல்ல, சிவப்பு முழுக்க மறைந்த பிறகுதான் தண்ணீர். பித்தளையை அதிகம் காய்ச்சினால் துத்தநாகப் புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேலே படியும் கறுப்பைச் சூடான சிட்ரிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும்.

அலுமினியம் சிவக்காது, 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். அதற்குப் பழைய உத்தி சோப்பு. சோப்புக் கட்டியால் பட்டையில் ஒரு கோடு போட்டு, பின்பக்கத்திலிருந்து சூடேற்றுங்கள். கோடு அடர்பழுப்பாகிக் கறுக்கும் தருணத்தில் சுடரை விலக்கிவிடுங்கள்.

வளைப்பது

உட்பக்கத்தில் சரியாக நடுவிலும், ஒவ்வொரு நுனியிலிருந்தும் 30 மி.மீ. தள்ளியும் மார்க்கரால் கோடு போடுங்கள். வெளிப்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வளைப்பானை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) பிடித்துவிட்டால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு கையில் பிடித்து மேசை மேல் ஊன்றிக்கொள்ளுங்கள்.

பட்டையின் நுனியைப் பிளவில் 6 மி.மீ. மட்டும் செருகுங்கள், 8 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பிளவுக்குள் இருக்கும் பகுதி வளையாது. ஆழமாகச் செருகினால் எந்தத் தட்டை நுனியைத் தவிர்க்க இந்தக் கருவியை எடுத்தீர்களோ அதே தட்டை நுனி திரும்ப வந்துவிடும். பட்டை வளைப்பானுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இம்மியளவு சாய்ந்தாலும் முடிவில் காப்பு திருகாணி மரை மாதிரி முறுக்கிக்கொள்ளும், இரண்டு நுனியும் ஒன்றையொன்று பார்க்காது.

இப்போது கட்டைவிரலைப் பிளவுக்கு மிக அருகில், உலோகம் வளைப்பானின் முகத்தை விட்டு விலகத் தொடங்கும் இடத்திலேயே வைத்து அழுத்துங்கள். மற்றக் கை தூர நுனியைத் தாங்கிப் பிடித்து, சுற்றிவரும் திசையைக் காட்டினால் போதும். தூர நுனியைப் பிடித்து இழுத்தால் வேலை லேசாகத் தெரியும், ஆனால் வளைவு எங்கே விழும் என்பதை உலோகம்தான் முடிவு செய்யும். பெரும்பாலும் அது குத்திய எழுத்தின் மேல் விழும். அழுத்திக்கொண்டே கட்டைவிரலை நகர்த்தி, 30 மி.மீ. கோடு வரை பட்டையை முகத்தோடு ஒட்டவையுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு மூன்று அழுத்தல்களில் செய்யுங்கள். பட்டையைக் கழற்றித் திருப்பி, அடுத்த நுனிக்கும் இதையே செய்யுங்கள்.

இந்தக் கட்டத்தில் பட்டை அகலமான தோணிபோல இருக்கும். விளிம்பு கீழே படும்படி கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்துங்கள். விளிம்பு முழுவதும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு நுனி தூக்கியிருந்தால் திருகல் இருக்கிறது. இரண்டு நைலான் குறடுகளால் இரண்டு நுனியையும் பிடித்து எதிரெதிராக மெதுவாகத் திருப்பிச் சரிசெய்ய இதுதான் நேரம். வாய் மூடிய பிறகு திருகலை எடுப்பது பெரும்பாடு.

நடுவுக்கு வளைப்பானின் கூர்வளைவு தேவையில்லை. மணிக்கட்டின் மேற்புறம் தட்டையானது, காப்பும் அங்கே தட்டையாகத்தான் உட்கார வேண்டும். 165 மி.மீ. கைக்கு உள்ளளவு குறுக்கே சுமார் 60, மேல்கீழாக 48 மி.மீ. என்ற நீள்வட்டம் நன்றாகப் பொருந்தும். ஆகவே நடுக்கோட்டை வளைப்பானின் மேல் வைத்து அழுத்தாமல், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 20 மி.மீ. தள்ளி, முன்பு வளைத்த நுனிக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியை முகத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் அதே அளவு, மறுபடி முதல் பக்கம். பக்கவாட்டு இரண்டும் உருண்டதும் வாய் தானாக நெருங்கி வரும். நடுவுக்கு வெறும் கையால் ஒரு மெல்லிய அழுத்தம் போதும்.

வாயை முதலில் 20 மி.மீ. வரை மூடிவிட்டு, பிறகு 28 மி.மீ.க்குத் திறந்து விடுங்கள். அளவு தாண்டி மூடித் திறந்த காப்பு அந்த உருவிலேயே நிலைக்கும். பித்தளையை இன்னும் சற்று அதிகம் மூட வேண்டும், பதம் இளக்கிய செம்புக்கு இதுவே மிகை.

பதம் இளக்கிய காப்பைக் கடைசியில் விறைப்பாக்கவும் வேண்டும். எஃகுக் குழாயிலோ நீள்வட்ட மாண்ட்ரலிலோ (காப்பைச் செருகித் தட்டும் அச்சு) மாட்டி, நைலான் சுத்தியலால் நடுவிலிருந்து நுனி வரை சுற்றிலும் சீராகத் தட்டுங்கள். இரண்டு சுற்றில் கையால் அழுத்தும்போதே வித்தியாசம் தெரியும்.

கெட்டுப்போகும் இடங்கள்

எழுத்து வரிசையின் நடுவில் மடிப்பு விழுந்தால், ஆழமாகக் குத்தியிருக்கிறீர்கள் அல்லது நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். மாண்ட்ரலில் வைத்து மடிப்பின் இரு பக்கமும் தட்டினால் ஓரளவு மறையும், முழுக்க மறையாது.

அகலப் பட்டையில் விளிம்புகள் வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு குதிரைச் சேணம் போலாவது கருவியின் குற்றமல்ல. வளையும்போது வெளிமுகம் நீள்வதால் அகலத்தில் சுருங்கும், உள்முகம் குறுகுவதால் அகலத்தில் விரியும். 25 மி.மீ. வரை கொட்டாப்புளியால் தட்டித் தணிக்கலாம். அதற்கு மேல் மாண்ட்ரலில் அடித்து வளைப்பதுதான் வழி, கைக்கருவியை விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு வந்தால் பதம் இளக்கும்போது சூடு மிஞ்சியிருக்கிறது. உப்புத்தாள் போட்டு மெருகேற்றலாம், பதிந்த தடங்கள் போய்விடும்.

பித்தளைக் காப்பு வளைத்துப் பல மாதம் கழித்துத் தானே வெடிப்பதும் உண்டு. குளிர்நிலையில் வளைத்த பித்தளைக்குள் இழுவிசை தேங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அது விரிசலாகும். அம்மோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவம் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

போட்டுக் கழற்றும்போது வாயை அகலப் பிரிப்பதுதான் காப்பை முறிக்கும் பெரிய காரணம், அலுமினியத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். மணிக்கட்டின் பக்கவாட்டில் மெல்லிய இடத்தில் ஒரு நுனியை வைத்து, காப்பை உருட்டி நுழைக்க வேண்டும். வாய் அகன்றுபோன காப்பை மூட நுனிகளைப் பிடித்து அழுத்த வேண்டாம், அப்படிச் செய்தால் எதிரே உள்ள நடுதான் மடங்கும். பக்கவாட்டு வளைவுகளை வளைப்பானில் வைத்து இரண்டையும் சம அளவில் அழுத்துங்கள்.