மூச்சை எண்ணிவிட்டு மெஷினைப் பாருங்கள்

நெஞ்சு நோய் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கையில் செகண்ட் முள் ஓடும் வாட்ச் இருக்கிறதா என்பதைத்தான். விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்த பிறகு மூச்சை எண்ணும் பழக்கம் மெல்லத் தேய்ந்துவிட்டது. சார்ட்டைப் புரட்டினால் வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் நிமிடத்துக்கு 20 என்று எழுதியிருக்கும். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டா மூச்சு விடுகிறார்கள்? யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நுரையீரல் சிரமப்பட ஆரம்பித்ததும் உடல் முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். அதுவும் முடியாமல் போகும்போதுதான் ஆக்சிஜன் அளவு விழும். நாம் ஏற்கெனவே ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் மோசம்: திரையில் 96 என்று சமர்த்தாக நிற்கும், ஆள் களைத்துக்கொண்டே இருப்பார். அதனால் கட்டிலருகே போனதும் திரையைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

எண்ணுவதற்கு ஒரு சின்ன உத்தி உண்டு. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்குமே மூச்சு மாறிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதெல்லாம் வேண்டாம், முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்-2 மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண், அதாவது அந்த ஒரு அளவுக்கான உச்ச மதிப்பெண். 8-க்கு இறங்கினாலும் அதே 3 தான். மெதுவான மூச்சைப் பார்த்து 'பரவாயில்லை, ஆறிவிட்டார்' என்று நினைத்துவிடக் கூடாது.

குழந்தைக்கு எண்ணும்போது அது அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. அம்மா மடியிலேயே இருக்கட்டும், சட்டையை மட்டும் தூக்கிவிடச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்: 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயதிலிருந்து 5 வயது நிரம்பும் வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. காய்ச்சல் இருந்தாலும் மூச்சு ஏறும். அதனால் காய்ச்சல் இறங்கியபின் இன்னொரு முறை எண்ணுங்கள்.

எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில் கண் சும்மா இருக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிகிறதா, மூக்கு விடைக்கிறதா, கழுத்துத் தசை இழுபடுகிறதா, கைக்குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது முனகுகிறதா என்று பாருங்கள். பெரியவர்களிடம் நான் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். 'ராத்திரி தூங்கினீர்களா ஐயா?' என்றால் ஒரு முழு வாக்கியமாகப் பதில் வருகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்கிறதா? இதற்கு மெஷினே தேவையில்லை.

இரண்டு அமைதிகளை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஆஸ்துமாவில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நெஞ்சு, ஆள் திணறிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் போனால், காற்றே போகவில்லை என்று பொருள். ராத்திரி முழுக்கச் சிணுங்கிய குழந்தை திடீரெனத் துவண்டு தூங்கினால், வீட்டார் 'அப்பாடா' என்பார்கள். நீங்கள் போய் எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஆக்சிஜனைக் கையிலெடுங்கள்.

ஆக்சிமீட்டரைக் குறை சொல்லவில்லை, அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை ஆடிக்கொண்டிருந்தால் எண் தப்பாக வரும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். புகையில் மாட்டிக்கொண்டு வந்தவருக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டிவிடும். அது காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் கையால் பார்த்த நாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

படுக்க வைக்கும் விதம்

மூச்சுத்திணறலோடு வருபவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். அப்படியும் முடியாதவர் தானாகவே எழுந்து உட்கார்ந்து முன்னால் சாய்வார். அவரை இழுத்துப் படுக்க வைக்காமல், கட்டில் மேசையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு தனக்கு வசதியான நிலையைத் தானே கண்டுபிடித்திருக்கிறது, நம் வேலை அதற்கு முட்டுக் கொடுப்பதுதான். அப்படி உட்கார்ந்தபடியே மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் செய்து காட்டினால்தான் வரும். வாயால் சொன்னால் பதற்றம்தான் கூடும்.

ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால், பெரியவர்களை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் ஏறும். ரத்த ஓட்டம் கீழ்ப்பக்கம் கூடுதலாகப் போகும், அங்கே நல்ல காற்றும் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு இது தலைகீழ்! அவர்களுக்குக் காற்று மேல்பக்க நுரையீரலுக்குத்தான் அதிகம் போகிறது, ஆகவே நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். இருமலில் ரத்தம் நிறைய வந்தால் பெரியவர்களுக்கும் விதி மாறும்: ரத்தம் கசியும் பக்கம் கீழே. இல்லாவிட்டால் நல்ல நுரையீரலுக்குள்ளும் ரத்தம் இறங்கிவிடும்.

ஆக்சிஜனும் மருந்துதான்

ஆகவே எவ்வளவு வேண்டும் என்ற இலக்கு சார்ட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 94 முதல் 98 சதவீதம். சிஓபிடி என்று நாம் எழுதும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவருக்கு 88 முதல் 92. 'ஐயோ, 90 தான் இருக்கிறது' என்று பதறி உறவினர் கண்முன்னே குமிழைத் திருகிக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூட்டியபின் தலைவலி, மயக்கம்போலத் தூக்கம், முகம் சிவந்து சூடாதல், கையை நீட்டச் சொன்னால் படபடவென்று உதறுதல் இவை தெரிந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், ஆனால் ஆக்சிஜனை ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அளவு ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே பாய்ந்துவிடும். இன்னொன்று: உயிருக்குப் போராடும் நிலையில் வருபவருக்கு, சிஓபிடி என்று தயங்கி ஆக்சிஜனைக் கொடுக்காமல் நிற்காதீர்கள். முதலில் கொடுத்துவிட்டு, நிலைமை பிடிபட்டதும் இலக்குக்கு இறக்கிக்கொள்ளலாம்.

மூக்குக் குழாயில் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை, கைக்குழந்தைக்கு 1 முதல் 2 லிட்டர், பச்சிளம் சிசுவுக்கு அரை முதல் 1 லிட்டர். சாதாரண மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது, விட்ட காற்றையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். பை வைத்த மாஸ்க் என்றால் 10 முதல் 15 லிட்டர். முகத்தில் மாட்டும் முன்பே பை நிரம்பியிருக்க வேண்டும். சிஓபிடி நோயாளிக்கு அளந்து கொடுக்க வெஞ்சுரி மாஸ்க் நல்லது. அதில் மாட்டும் முனையின் நிறம்தான் ஆக்சிஜன் சதவீதத்தைச் சொல்லும்: வழக்கமான கணக்கில் நீலம் 24 சதவீதம், வெள்ளை 28. இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரில் பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கண் மட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும்.

ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று முறையாவது காதுக்குப் பின்னால் பாருங்கள், குழாய் அழுத்திப் புண்ணாகியிருக்கும். மூக்கு வறண்டால் நீர் கலந்த ஜெல் போதும், பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம்.

நெபுலைசர், இன்ஹேலர்

மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் நெபுலைசரை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவது எல்லோரும் செய்வது. ஐந்து பத்து நிமிட வேலை, முதல் நிமிடமாவது பக்கத்தில் நில்லுங்கள். உட்கார்ந்திருக்கிறாரா, மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கிறதா, புகைபோல மருந்து வருகிறதா? ஆக்சிஜனில் ஓட்டினால் 6 முதல் 8 லிட்டர். கார்பன் டை ஆக்சைடு தேங்குபவருக்கு அழுத்தக் காற்றில் ஓட்டி, தேவையான ஆக்சிஜனை மூக்குக் குழாயில் தனியே கொடுங்கள். அழும் குழந்தையின் முகத்துக்கு எதிரே மாஸ்க்கைத் தூரப் பிடித்தால் மருந்து அறைக்குத்தான் போகும்.

இன்ஹேலரோடு ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து மூச்சோடு இழுக்க உதவும் குடுவை) கொடுத்தால் ஒரு அழுத்தத்துக்கு ஐந்தாறு சாதாரண மூச்சு, பிறகு குலுக்கிவிட்டு அடுத்த அழுத்தம். இரண்டு அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து ஸ்பேசரின் உட்சுவரில் ஒட்டிவிடும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் உண்டாகி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

சின்னக் குழந்தையின் மூக்கு

கைக்குழந்தையின் மூச்சுக்குழல் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் திறந்திருக்கும் பரப்பு கால் பங்காகிவிடும். 8 மில்லிமீட்டர் குழலில் அதே வீக்கம் வந்தால் பாதிக்கு மேல் மிஞ்சும். சாதாரணச் சளி குழந்தையை ஆட்டிவைப்பது இதனால்தான். முதல் சில மாதங்கள் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். எனவே பால் கொடுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கை மென்மையாகச் சுத்தம் செய்யுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வாய்வழி கொடுக்காதீர்கள், பால் புரையேறும். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் அதுவே அபாய அறிகுறி. பிராங்கியோலைட்டிஸ் (கைக்குழந்தையின் சிறு மூச்சுக்குழல்கள் வீங்கும் நோய்) மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறித்தான் இறங்கும். இதை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள்.

மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் தொண்டையில் அடைப்பு. அந்தக் குழந்தையை அழ வைக்காதீர்கள், அம்மாவிடமிருந்து பிரிக்காதீர்கள், குச்சியை வைத்துத் தொண்டையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எச்சில் வடிந்து, காய்ச்சலோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால் மயக்க மருந்து டாக்டரும் வேண்டும்.

குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் பற்றிச் சுருக்கமாக: மணி பார்த்துச் செய்வதில்லை, சளி இருந்தால் மட்டும். முன்னதாக ஆக்சிஜன் கொடுங்கள். நோயாளிக்குச் செயற்கை மூச்சுக்குழாய் போட்டிருந்தால், சக்ஷன் குழாயின் தடிமன் அதன் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போது மட்டும்; பெரியவர்களுக்கு 10 முதல் 15 விநாடி, குழந்தைகளுக்கு அதிலும் குறைவு.

டாக்டரைப் போனில் கூப்பிடும்போது 'பேஷன்ட் நன்றாக இல்லை' என்று சொல்லாதீர்கள், நடு ராத்திரியில் அதைக் கேட்டு யாரும் ஓடி வர மாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'நிமோனியா பேஷன்ட், ஒரு மணி நேரத்துக்கு முன் மூச்சு 22, இப்போது 30. 4 லிட்டரில் 93 இருந்தது, அதே 4 லிட்டரில் இப்போது 89. இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.' எத்தனை லிட்டரில் அந்த 89 என்பதை விட்டுவிடாதீர்கள். கூப்பிட்ட நேரத்தையும் சார்ட்டில் எழுதுங்கள்.