சினை நிற்காத குதிரை: சிக்கல் கருக்குழாயில்

பதினான்கு வயதுப் பெட்டைக்குதிரை. பருவம் (சேர்க்கைக்குத் தயாராகும் நாட்கள்) தவறவில்லை, ஃபாலிக்கிள் (முட்டைப் பை) 40 மி.மீ. வளர்ந்து ஒழுங்காக வெடித்தது. நல்ல விந்து, சரியான நேரம். ஆனாலும் 14ஆம் நாள் ஸ்கேனில் கருப்பை காலி. நான்கு பருவம் இப்படியே போனது.

முதலில் தொற்று என்றே நினைத்தேன். ஸ்வாப் (கருப்பையில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரி) சுத்தம். ஸ்வாப்பை மட்டும் நம்பக்கூடாது என்று கருப்பைக்குள் 150 மி.லி. திரவம் விட்டுக் கழுவி, அடியில் படிந்ததை வளர்த்துப் பார்த்தாலும் கிருமி இல்லை. பயாப்ஸியிலும் (கருப்பைத் திசுப் பரிசோதனை) பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்குதிரையை மாற்றினோம், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் போட்டோம், வீண்.

துப்பு கிடைத்தது 8ஆம் நாள், கருவை வெளியே எடுக்கக் கருப்பையைக் கழுவியபோது. இரண்டு முறையும் கரு வரவில்லை. அதாவது கரு கருப்பைக்கே இறங்கவில்லை. குதிரையில் ஒரு வினோதம்: கருவுறாத முட்டை, கருப்பைக்கு வரும் வழியான கருக்குழாயிலேயே தங்கிவிடும். கரு மட்டுமே தானே புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருளைச் சுரந்து வழி திறந்து, ஆறாம் நாள் வாக்கில் கீழே வரும். வயதான குதிரைகளில் அந்தக் குழாயில் கொலாஜன் (ஒருவகைப் புரத நார்) திரள் அடைத்துக்கொள்ளலாம். ஸ்கேனில் இது தெரியவே தெரியாது.

பருவத் தொடக்கத்தில், கருப்பை வாய் திறந்திருக்கும்போது, புரோஸ்டாகிளாண்டின் போலவே வேலை செய்யும் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை ஐந்தைப் பொடித்து 3 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்கினேன். நீண்ட வளையும் பிப்பெட்டை (மெல்லிய குழல்) கருப்பை வாய் வழியே விட்டு, மலக்குடல் வழியே கைகொடுத்து, கருக்குழாய் வந்து சேரும் கருப்பைக் கொம்பின் (கருப்பையின் ஒரு பக்கக் கிளை) நுனிவரை நகர்த்தி மருந்தை விட்டேன். மறுபக்கத்துக்கும் அதே அளவு. பாதியில் விட்டால் பயனில்லை, நுனியைத் தொடவேண்டும். மாத்திரைத் துகள் பிப்பெட்டை அடைக்கும், நன்றாக அரைக்கவேண்டும். கையுறை கட்டாயம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

அடுத்த பருவத்தில் சேர்த்தோம். 14ஆம் நாள் ஸ்கேனில் கருப்பு வட்டம், அதுதான் கரு. அப்பாடா!