வெயில் காலத்தில் பூனைக்குத் தண்ணீர்: கிண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள்

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. வேட்டையாடிய இரையில் இருந்த ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். அந்தக் குணம் இன்றைய பூனைக்கும் மாறவில்லை. தாகம் தெரிவது குறைவு, தெரிந்தாலும் கொஞ்சம்தான் குடிக்கும். அதனால் தண்ணீரைச் சாப்பாட்டோடு உள்ளே அனுப்புவதுதான் முக்கியமான வேலை. கிண்ணம் வைப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

1. தேவையைக் கணக்கிடுங்கள்

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 50 மி.லி. என்று வையுங்கள். 4 கிலோ பூனைக்கு 200 மி.லி. இதில் உணவில் உள்ள நீரும் அடக்கம். ட்ரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். 60 கிராம் தின்றால் 6 மி.லி. கிடைக்கும். 85 கிராம் ஈர உணவுப் பவுச் ஒன்றில் கிட்டத்தட்ட 65 மி.லி. இருக்கிறது. வெறும் ட்ரை ஃபுட் தின்னும் பூனை எவ்வளவு பின்தங்குகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, சமையல் தராசில் கிண்ணத்தோடு எடை போட்டு வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மி.லி. அதே அளவுக் கிண்ணம் இன்னொன்றைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் ஆவியாகிக் குறைந்ததைக் கழித்துவிடுங்கள். மே மாதத்தில் இதைக் கழிக்காவிட்டால் கணக்கு தப்பும்.

2. மீன் தண்ணீர் காய்ச்சுங்கள்

உப்பில்லாத மீன் சாறுதான் கைவசம் இருக்க வேண்டிய முதல் பொருள். சுத்தம் செய்த கானாங்கெளுத்தி 200 கிராம், தண்ணீர் அரை லிட்டர். கொதி வந்தபின் சிறு தீயில் 10 நிமிடம். உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்கும். குழம்பில் போட்ட மீனைக் கழுவிக் கொடுப்பதும் இதனால்தான் தவறு.

வடிகட்டி, சதையைப் பிசைந்து முள்ளைக் கையால் தடவிப் பார்த்து எடுங்கள். ஆறியதும் சாற்றை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் இரண்டு நாள்தான் தாங்கும். ஒவ்வொரு வேளையும் இரண்டு கட்டியை உருக்கி, வெதுவெதுப்பாக உணவில் கலந்தால் சுமார் 30 மி.லி. கூடுதலாகச் சேரும். குளிர்ந்திருந்தால் வாசனை எழாது, பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விலை ஏறுவது சரியாக இந்த வெயிலில்தான். அப்போது அதே அளவில் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி போதும். பச்சை மீன் மலிவாகக் கிடைத்தாலும் அப்படியே போடாதீர்கள். சில மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ட்ரை ஃபுட் மட்டுமே தின்னும் பூனைக்கு முதல் நாள் ஒரு ஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, வாரம் பத்து நாளில் சம அளவுக்குக் கொண்டு வாருங்கள். திடீரென்று நனைத்தால் பட்டினி கிடக்கும். நனைத்த உணவு இந்த வெக்கையில் சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

3. கிண்ணங்கள்

அகலமான, ஆழமில்லாத பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணம், விளிம்பு வரை தண்ணீர். குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கும், பூனை மலஜலம் கழிக்கும் மண் பெட்டிக்கும் (லிட்டர் பெட்டி) தள்ளி. மண் சட்டி நல்லதுதான், ஆனால் கடலோரப் புழுக்கத்தில் அது பெரிதாகக் குளிர்விக்காது, வழுவழுப்பும் சீக்கிரம் பிடிக்கும். தினமும் தேய்க்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் சுடும். காலையிலேயே பிடித்து மூடி வைத்து, சாயங்காலம் அதையே மாற்றி ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கேன் தண்ணீரே வையுங்கள். ஷீட் போட்ட வீடென்றால் கிண்ணத்தைத் தரையில், சுவரோரம் நிழலான மூலையில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இருக்கிற நீரும் போய்விடும். உப்புப் போட்ட மோரும் வேண்டாம். சிரிஞ்சால் வாயில் பீய்ச்சாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

4. தினசரிச் சோதனை

ஈறில் விரல் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் சரி, ஒட்டினால் நீர் குறைவு. தோள்பட்டைத் தோலை மெல்லத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கிழப் பூனைக்கும் மெலிந்த பூனைக்கும் இது ஏமாற்றும், ஈறையே நம்புங்கள். லிட்டர் மண்ணில் சிறுநீர்க் கட்டிகள் வழக்கத்தைவிடச் சிறுத்தாலோ குறைந்தாலோ கவனியுங்கள். மாறாக, 4 கிலோ பூனை கிண்ணத்திலிருந்து மட்டும் தினம் 200 மி.லி. தாண்டிக் குடித்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம், பரிசோதனை வேண்டும்.

ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். வாய் திறந்து இரைத்தாலோ தள்ளாடினாலோ, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து மின்விசிறிக் காற்றில் வைத்தபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் வேண்டாம், ஈரத்துணியால் சுற்றவும் வேண்டாம். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காற்றோட்டமான கூடையில் கொண்டு போங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன தின்றது என்பதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.