தண்ணீருக்குள் லேசர்: தங்க நானோதுகள் செய்வது எப்படி?

பெங்களூருக்கு எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்ய வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தங்க நானோதுகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள்கள், என்றதும் ரசாயன வழிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தண்ணீருக்குள் வைத்த தங்கத் தகட்டில் லேசரைப் பாய்ச்சும் வழியில் தங்கமும் தண்ணீரும் போதும். துகளின் மேல் வேறு ரசாயனம் ஒட்டாது என்பதே இதன் பெரிய பலன். அந்தச் சுத்தத்தைக் கடைசிவரை காப்பாற்றுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

முதலில் கண். இது நான்காம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கென்று குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அறைக்குள் போகாதீர்கள். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

தங்கத் தகட்டை பெங்களூர் நகரத்பேட்டை நகைப்பட்டறைகளில் வாங்கலாம். 24 கேரட் என்று கேட்டு வாங்குங்கள். 22 கேரட்டில் 91.6 சதவீதம்தான் தங்கம். மீதி செம்போ வெள்ளியோ துகளிலும் கலந்துவிடும். வாங்கியதை அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய தண்ணீர் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். நம் போர்வெல் தண்ணீரின் உப்புகள் துகள்களின் மின்னேற்றத்தை மறைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சிவப்பாக வரவேண்டிய கரைசல் நீலமாகி அடியில் படியும். பீக்கரைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தால், அயனி நீக்கிய தண்ணீரில் மறுபடி நன்றாக அலசுங்கள்.

சரி, தகட்டைப் பீக்கரின் அடியில் வைத்து, மேலே 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒளியை வளைப்பதால், லேசரைத் தகட்டில் குவிக்கும் லென்ஸின் குவியம் சுமார் 3 மி.மீ. கீழே போய்விடும். அதனால் தண்ணீர் ஊற்றிய பிறகே லென்ஸைச் சரிசெய்யுங்கள். குவியம் தகட்டுக்கு மேலே விழுந்தால் தண்ணீரே பிளாஸ்மாவாகி (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாகி) ஆற்றலை விழுங்கிவிடும்.

லேசர் ஒளி நானோநொடித் துடிப்புகளாக வரும், நொடிக்கு 10. ஒவ்வொன்றும் பட்டதும் தகட்டில் பிளாஸ்மா எழும், அதைச் சுற்றி ஒரு குமிழி விரியும், உடையும். துகள்கள் தண்ணீருக்குள் சிதறும். குவியம் சரியாக இருந்தால் 'டக் டக்' என்று சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒரே இடத்தில் குழி விழாமல் தகட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளிர் ரோஜாவாகி, அப்புறம் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். பாதுகாப்புக் கண்ணாடி நிறத்தை மாற்றிக் காட்டலாம். லேசரை மறைக்கும் ஷட்டரை மூடிய பிறகே கழற்றிப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிறம் சலிப்பதில்லை.

துகளின் அளவு ஒரே சீராக இல்லையா? தகட்டை எடுத்துவிட்டு, கரைசலில் 532 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சுங்கள். இதற்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேறு, 532-க்கு உரியது. தங்கத் துகள்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால் பெரியவை சூடாகி உருகும், உடைந்து சிறியவையாகும்.

கடைசியில், எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் யூவி-விசிபிள் கருவியில் அளந்து பாருங்கள். 520-ஐ ஒட்டி கூர்மையான முகடு வந்தால் வேலை நன்றாக வந்திருக்கிறது. 600-ஐத் தாண்டி வால் நீண்டால் துகள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன. கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடி, துடிப்பின் ஆற்றல், நேரம், தேதி மூன்றையும் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.