பொம்மை கேமராவில் ஓரம் வெளுத்த படங்கள்

பிளாஸ்டிக் லென்ஸ் வைத்த மலிவான பொம்மை கேமரா ஒன்றில் 120 ஃபிலிம் (டப்பா இல்லாமல், பின்னால் காகிதத்தோடு ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குச் சுற்றும் அகலமான ஃபிலிம்) போட்டுப் பழகுகிறேன். மூன்று ரோல் வீணான பிறகு இப்போதுதான் நிம்மதி. பிரின்ட்டில் ஓரமெல்லாம் வெளுத்து வந்தது. ஒளி கசிகிறது என்று நினைத்து மூடியின் விளிம்பு முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டினேன், எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலையும் மூடிப் பார்த்தேன், அப்புறம் கழுவிய லேபைச் சந்தேகப்பட்டேன். எதுவும் மாறவில்லை.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பிடிபட்டது: பிரின்ட்டில் வெளுப்பாக வருவது நெகட்டிவில் கறுப்பாக இருக்கும்; அந்தக் கறுப்பு, ஃபிலிமின் இரு விளிம்பிலிருந்தும் உள்ளே வருகிறது, படங்களுக்கு நடுவேயுள்ள காலி இடத்திலும் இருக்கிறது. 12, 11, 10ஆம் படங்களில்தான் அதிகம், முதல் படங்கள் கிட்டத்தட்டச் சுத்தம். கடைசிப் படங்கள்தானே சுருளின் வெளிச்சுற்றில் இருக்கும்! ஃபிலிம் தளர்வாகச் சுற்றப்பட்டு, வெளியே எடுக்கும்போது பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்திருக்கிறது.

ஃபிலிம் பெட்டியின் அட்டையை ஒரு துண்டு வெட்டி, மடித்து, புது ரோலுக்கு அடியில் செருகினேன். சுற்றும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. முடிந்த ரோலை நிழலில் எடுத்து, அவிழாதபடி முனையை உடனே ஒட்டிவிட்டேன். நான்காவது ரோலில் 12 படமும் ஓரம்வரை சுத்தம்.