ரப்பரும் தேனீயும் சேர்ந்து இருக்கும் வீடு எத்தனை? பைத்தானில் எண்ணலாம்

கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் எங்கள் ஊரில் 10 வீடுகளில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்திருந்தோம். ரப்பர் 7 வீடு, கொல்லாமரம் (முந்திரிதான், இங்கே அப்படிச் சொல்வோம்) 5 வீடு, தேனீப் பெட்டி 4 வீடு. கூட்டினால் 16. ஒரே வீட்டை இரண்டு மூன்று இடத்தில் எண்ணியதால் வந்த 16 இது. ரப்பர் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனை எடுக்கத் தேனீ வரும், அதனால் ரப்பர்க்காரர் பெட்டியும் வைத்திருப்பது இங்கே சாதாரணம்.

எந்தச் சேர்க்கை எத்தனை வீட்டில் என்று எண்ண, பைத்தான் என்ற நிரல் மொழியில் கலெக்‌ஷன்ஸ் தொகுப்புக்குள் கவுன்டர் இருக்கிறது, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தருவது அது. அதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், ஆனால் பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் முதல் வரி இப்படி இருக்கும்:

வீடுகள் = ["ரப்பர்", "ரப்பர், தேனீ", "தேனீ, ரப்பர்", "ரப்பர், கொல்லாமரம், தேனீ"]

10 வீட்டையும் இதே மாதிரி நிரப்புங்கள். இதில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான், ஆனால் கணினிக்கு அது தெரியாது. இப்படியே கவுன்டரிடம் கொடுத்தால் இரண்டு தனி வகையாக எண்ணி வைக்கும்.

அடுத்து, ஒவ்வொரு வரியையும் ஸ்பிளிட் கொண்டு காற்புள்ளியில் உடைத்து, ஒவ்வொரு துண்டிலும் ஸ்ட்ரிப் போட்டு ஓர இடைவெளியை நீக்குங்கள். வெற்றுத் துண்டு இருந்தால் தூக்கி எறியுங்கள், ஏனென்றால் எதுவுமே இல்லாத வீட்டின் வெறும் வரியை உடைத்தாலும் உள்ளே ஒரு வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) மிஞ்சும், அது ஒரு பயிர் போல எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

துண்டுகளை லிஸ்டாகவே (வரிசைப் பட்டியலாகவே) விட்டால் கவுன்டர் பிழை காட்டும், செட்டாக (வரிசை பார்க்காத தொகுதியாக) மாற்றினாலும் அதே பிழைதான். எண்ணுவதற்குச் சாவியாக வரும் பொருள் பிறகு மாறக்கூடாது என்பது அதன் கண்டிப்பு. ஃப்ரோசன்செட் ஆக்குங்கள். அது மாறாது, வரிசையும் பார்க்காது, ஆகவே "தேனீ, ரப்பர்" சிக்கலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, இதையெல்லாம் டெஃப் போட்டு 'எண்ணு' என்று ஒரு ஃபங்ஷனாக (பெயர் வைத்த நிரல் துண்டாக) எழுதி, கடைசியில் ஃப்ரோசன்செட்களின் லிஸ்டைக் கவுன்டருக்குள் போட்டு ரிட்டர்ன் செய்யுங்கள். எனக்கு வந்த விடை: ரப்பர் மட்டும் 3, கொல்லாமரம் மட்டும் 2, ரப்பரும் தேனீயும் 2, ரப்பரும் கொல்லாமரமும் 1, கொல்லாமரமும் தேனீயும் 1, மூன்றும் 1. கூட்டினால் 10, கணக்கு சரி.

இங்கேதான் நான் வழுக்கினேன். ரப்பரும் தேனீயும் உள்ளவர்களை ஒரு நாள் பேசக் கூப்பிட்டிருந்தோம், விடையில் 2 என்று இருந்ததால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் இரண்டு பேருக்குத்தான் சொல்லி வைத்தேன். வந்தது மூன்று பேர். மூன்றாமவர் தட்டைப் பார்த்துவிட்டு, "மக்களே, என் வீட்டுல ரப்பரும் பெட்டியும் இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறது, கூடவே கொல்லாமரமும் இருக்கிறது! கவுன்டர் சொன்ன 2 என்பது அந்த இரண்டு மட்டும் உள்ள வீடுகள். எனக்கு வேண்டியது குறைந்தது அந்த இரண்டுமாவது இருக்கும் வீடுகள்.

அதற்கு இன்னொரு சின்ன ஃபங்ஷன் போதும். தேவையான இரண்டையும் ஒரு செட்டில் வைத்து, அது ஒவ்வொரு வீட்டின் தொகுதிக்குள்ளும் அடங்குகிறதா என்று 'தேவை <= தொகுதி' எனக் கேட்டு, ஆம் என்று வரும் சேர்க்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். 2 + 1, விடை 3. யாராவது "ரெண்டும் இருக்கிறவங்க எத்தனை பேர்" என்று கேட்டால் எந்த அர்த்தத்தில் கேட்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், நிரல் எழுதுவது அப்புறம்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. என் பட்டியலில் முதலில் கொல்லாமரம் இரண்டு தனி வகையாக வந்தது, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். ஒரு போனில் அடித்தது ஒரு விதம், இன்னொன்றில் அடித்தது வேறு விதம். யூனிகோட்டேட்டா தொகுப்பில், இப்படி வேறு வேறு குறிகளை ஒரே விதமாக்கும் நார்மலைஸை 'என்எஃப்சி' என்ற வடிவம் கொடுத்து ஸ்ட்ரிப்புக்கு அடுத்த வரியில் போட்டேன், இரண்டும் ஒன்றாகிவிட்டன. தேனீ, தேனி என்று இரண்டு விதமாக எழுதியதை மட்டும் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.